ஆபீசரைத் தள்ளிவிட்டவள்

ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் யாரோ என் கால்மேல் புளி மூட்டையை வைத்துவிட்டார்கள். திட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் முன் சீட்டிலிருந்த அம்மா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

“எம்பொண்ணு ஆபீசர ஏரோப்ளேன்ல இருந்து தள்ளிட்டாக்கா.”

“அடிப்பாவி! எதுக்குடி?”

“அவ வேல பாக்கறது புது ஏரோப்ளேன் கம்பெனிக்கா. சர்க்கார் ஆபீசர் சோதன பண்ணி லைசன்ஸ் குடுத்தாதான் ஆள ஏத்தலாமாம். தீப்புடிச்சா எப்டி எறக்குவீங்க, செஞ்சு காட்டுங்கன்னாராம். அவரே வாசல்ல பையக் கட்டிப்புடிச்சினு நின்னாராம். இவ பையப் புடுங்கி எறிஞ்சிட்டு, தரைக்கு எறங்குற ரப்பர் சறுக்குல முதுவப் புடிச்சித் தள்ளிட்டா.”

“போச்சு. லைசன்ஸும் போச்சு, வேலையும் போச்சு.”

“அதான்க்கா, காலைலேர்ந்து கஞ்சிகூட எறங்கல.”

கொண்டை ஊசி வளைவில் அந்த அம்மாவுக்குப் போன் வந்தது. பேசிவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

“பாஸாயிட்டாக்கா! தள்றாளா பாக்கலாம்னு வேணும்னேதான் நின்னாராம். மத்த பொண்ணுங்களுக்கும் இவளையே சொல்லித் தரச் சொல்லிட்டாராம்.”

“அப்புறம் இன்னாத்துக்குடி அழுவற?”

“வெள்ளிக்கெழம பொண்ணு பாக்க வர்றாங்கக்கா. பொண்ணு இன்னா வேல பாக்கறான்னு கேட்டா இன்னான்னு சொல்றது?”

“இதையே சொல்லு. மாப்ள ஒழுங்கா இருப்பான்.”