விமானங்கள் முந்தி வந்த நாள்

இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் கடற்படைக் குடும்பநல அதிகாரி ஐயா அவர்களே, முன்வரிசையை அணிசெய்யும் மூத்தோர்களே, கணவரைக் கடலுக்கும் காதைத் தொலைபேசிக்கும் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் தாய்மார்களே, தங்கைமார்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். குறித்த நேரத்திற்குப் பிந்தி வந்தமைக்கு முதற்கண் பொறுத்தருள வேண்டுகிறேன். வரும் வழியில் பாலத்தில் இறங்கி, துறையில் நிற்கும் நம் விமானந்தாங்கிக் கப்பலைப் பார்த்துவிட்டு வந்தேன். கப்பலின் அடிப்புறத்தைச் சோதிக்க வந்த முக்குளிப்போரின் படகு இன்னும் அதன் பின்புறத்தில்தான் கட்டிக் கிடக்கிறது.

கப்பல் எங்கே இருக்கிறது என்று கடற்படை நமக்குச் சொல்வதில்லை. சொல்லவும் வேண்டாம். ஆயினும் அதன் போக்குவரத்தை நாம் அறியாமலா இருந்தோம்? கரை திரும்பும் கப்பல், தன் விமானங்களை முதல்நாளே கரையிலுள்ள விமானத்தளத்திற்கு அனுப்பிவிடும். இன்று நம் கூரைமேல் இரைச்சல் என்றால் நாளை துறைமுகத்தில் கப்பல். அதை வைத்தல்லவா நாம் வீடு கழுவினோம், விடுப்புக் கேட்டோம்?

சென்ற மாதம் அந்த இரைச்சல் கேட்டது. என் தையல் கடைக்குள் மருமகள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“அத்தை, விமானமெல்லாம் வந்திடுச்சு. நாளைக்கு அவர் வந்துடுவார்.”

கப்பல் சமையற்காரரின் மனைவி எதிர்வீட்டுக்காரர். தலைக்குச் சாயம் பூசியபடியே வாசலுக்கு வந்தார்.

“கடையை மூடுங்க அக்கா. பையனுக்குப் படுக்கையைத் தட்டிப் போடுங்க.”

மறுநாள் துறைமுகத்தில் திரண்டோம். கப்பல் வந்ததா? வரவில்லை. அதற்கு மறுநாள் வந்ததா? வரவில்லை.

“இப்படியே போனா எனக்கு நரை எட்டிப் பாத்துடும். யாரோன்னு நெனச்சு அந்த மனுஷன் திரும்பக் கப்பல் ஏறிடுவார்,” என்றார் எதிர்வீட்டுக்காரர். சிரித்தோம். சிரித்துவிட்டுக் கடலைப் பார்த்தோம்.

பின்வரிசையில் யார், சுருக்கமாகச் சொல்லச் சொல்வது? சொல்கிறேன் தங்கையே. கப்பலே மெதுவாகத்தான் வந்தது.

எங்கே பிழை செய்தோம்? விமானம் வந்தால் கப்பல் வரும் என்று கொண்டோம். விமானம் ஏன் வந்தது என்று எண்ணிப் பார்த்தோமில்லை. பாரம் சுமந்த விமானம் கப்பலின் மேல்தளத்தை விட்டு எழ, கப்பல் விரைந்து ஓட வேண்டும். கப்பலின் விரைவு குன்றியது. இன்னும் எழ முடியும்போதே எல்லா விமானங்களையும் கரைக்கு அனுப்பிவிட்டார்கள். நாம் வரவென்று கொண்டாடியது, ஐயா, நடுக்கடலில் நேர்ந்த பழுதை.

வழக்கமாகத் துறைமுக வாயிலில் கைகொடுக்கும் இழுவைப் படகுகள், இம்முறை கண்ணுக்கெட்டாத் தொலைவு சென்று கப்பலை அழைத்து வந்தன. ‘சுழல்தண்டின் பேரிங்கில் சிறு பராமரிப்பு’ என்று நலப்பிரிவு அறிவித்தது. கப்பலை உந்தும் விசிறியைச் சுழற்றுவது அந்தத் தண்டு; தண்டைத் தாங்கிச் சுழல விடுவது பேரிங், பழுதானால் அது சூடேறும். அதன் அருகே நின்று வேலை செய்பவன் என் மகன்.

வீடு வந்தவன் சாப்பிட உட்கார்ந்தான். ஒரு கை தட்டில், மறு கை மேசையில். உள்ளங்கையை விரித்து அழுத்தியபடியே இருந்தான்.

“என்னப்பா, மேசை ஆடுதா?”

“இல்லம்மா. அங்க இப்படித்தான் தொட்டுப் பாத்துட்டே இருப்போம். பழகிப் போச்சு.”

“ரொம்பச் சுட்டுதா?”

“நீ சாப்பிடும்மா.”

இவ்வளவே அவன் சொன்னது. கடற்படையின் மறைபொருள் எதையும் அவன் என்னிடம் உடைக்கவில்லை. சுடவில்லை என்றும் சொல்லவில்லை.

ஐயா, வரும் திங்கட்கிழமை கப்பல் மீண்டும் புறப்படும் என்று இன்று காலை அறிவித்திருக்கிறீர்கள். எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை. எப்போது திரும்பும் என்றும் கேட்கவில்லை. அந்தப் பேரிங் மாற்றப்பட்டதா, இல்லையா? மாற்றியிருந்தால், மாற்றினோம் என்று ஒரு சொல் சொல்லுங்கள், மனமுவந்து வழியனுப்புகிறோம். மாற்றவில்லையா? மாற்றும்வரை கப்பல் கரையில் நிற்கட்டும். அலையை எதிர்க்க அனுப்பினோம், அஞ்சவில்லை. பகையை எதிர்க்க அனுப்பினோம், பதறவில்லை. பழுதை உள்ளங்கையால் தடவிக்கொண்டு நிற்கவா பிள்ளைகளைப் பெற்று அனுப்பினோம்?

தலைவர் ஐயா மெல்லச் சொல்கிறார்: “எழுதிக் கொடுங்கம்மா, மேலிடத்துக்கு அனுப்பறேன்.” நன்றி ஐயா, எழுதியே தருகிறேன். மேலிடத்திற்கு அனுப்புங்கள். என் மகன் நிற்பது கப்பலின் அடித்தட்டில். பதில் அவ்வளவு தூரம் இறங்கி வர நேரம் பிடிக்கும்.

பொறுமையுடன் செவிமடுத்த அனைவருக்கும் நன்றி, வணக்கம். ஐயா, திங்கட்கிழமைக்கு முன் பதில் தாருங்கள்.