லுட்டாயா, இரண்டாம் பாகம்

— இன்னும் ரெண்டு தட்டு தட்டினா உன் கதவு என் கையோட வந்துடும். நான்தான், நலோங்கோ. திற தம்பி.

— தாழ் போடலை. தள்ளிட்டு வாங்க.

— இந்த வீட்டுக்கு நல்லது நடக்கட்டும். என்னப்பா கக்வா, பட்டப்பகல்ல இப்படி இருட்டடிச்சுக் கிடக்கே? ஜன்னலையாவது திறக்கக்கூடாதா? இந்தா, வாழைக்காயும் குடலும் சேர்த்து வேகவச்சது. சூடு ஆறலை. கிட்ட வந்து உட்காரு. நீ தின்னு, நான் ஒரு கதை சொல்றேன்.

— கதை சொல்றது என் பொழைப்பு, நலோங்கோ.

— அந்தப் பொழைப்புக்குத்தான் நீ மூணு நாளா வரலையே. என் கொட்டகையில படம் ஓடுது, குரல் இல்லை. அமெரிக்காக்காரன் அவன் பாட்டுக்கு இங்கிலீஷ்ல பேசிட்டுப் போறான். ஜனம் திரையைப் பார்க்கிறதை விட்டுட்டு உன் நாற்காலியைப் பார்க்குது. உன்னைத் தவிர நம்ம பாஷையில அவனைப் பேச வைக்க இந்த நியெண்டோ ஊர்ல யாரு இருக்கா?

— தொண்டை கட்டிக்கிச்சு.

— பொய். என்கிட்ட இப்போ நல்லாத்தானே பேசற.

— சரி, பொய்தான். பன்னிக்கறிக் கடை வாசல்ல பேசிக்கிட்டதை என் காதாலயே கேட்டேன். அதுக்கப்புறம் எந்த முகத்தோட வந்து மைக்கைப் பிடிக்கிறது?

— என்ன கேட்ட?

— உங்களுக்குத் தெரியாதா? ஊரே அதைத்தானே பேசுது.

— உனக்கு எது எட்டுச்சுன்னு தெரியணும்ல. வாடகை பைக் ஓட்டற ஸெகிட்டோ சொன்னதா?

— அவனும்தான். 'முதல் பாகம் பார்த்துட்டு வெளியில வந்தா சிரிப்புல வண்டி ஹாண்டிலையே பிடிக்க முடியலை. ரெண்டாம் பாகம் பார்த்துட்டு வந்தா வண்டியில ஆளை ஏத்தவே மனசு வரலை, அம்மா ஞாபகம் வந்து வீட்டுக்குப் போயிட்டேன்'னான்.

— போனது நெசம். அவங்கம்மா என்கிட்ட சொன்னா, மகன் எதுக்கோ கட்டிப் பிடிச்சு அழுதான், கடன் கிடன் கேக்கப் போறானோன்னு பயந்துட்டேன்னு. என்னைக் கேட்டா, தக்காளிக்காரி நக்கிவாலா சொன்னதுதான் நியாயம். 'பறக்கத் தெரிஞ்ச ஆம்பளை மொட்டை மாடியில ஏன் உட்கார்ந்து அழணும்? பறந்துதான் போயேன்!'னா.

— கறிக்கடை முலிண்ட்வா என்ன சொன்னான் தெரியுமா? முதல் பாகம் எடுத்தவனைத் துரத்திட்டாங்களாம். இப்போ எடுக்கிறவன் கடன்ல முழுகினவனாம். அதான் படத்துல லுட்டாயா சிரிக்க மாட்டேங்கிறானாம்.

— அவனுக்கு யாரு சொன்னாங்களாம்?

— தெரியாது. ஆனா கத்தியை ஓங்கிக்கிட்டுச் சொன்னான், யாரும் மறுத்துப் பேசலை. அதுக்கு வாத்தியார் லுபேகா, 'இல்லை, இல்லை, வயசாக ஆகத்தான் வீரனுக்கு வலி தெரியும், இதுதான் அசல் படம், முதல் பாகம் வெறும் குரங்குச் சேட்டை'ன்னாரு. குரங்குச் சேட்டை! அந்தக் குரங்கு நான்தானே, நலோங்கோ?

— ஆமா, நீதான். முதல் பாகத்துல லுட்டாயா விண்கல்லைத் தூக்கிக்கிட்டு வரான். நீ என்ன சொன்ன? 'வழி விடுங்க, வழி விடுங்க, மாமியார் வீட்டுக்குப் பலாப்பழம் கொண்டு போறேன்!' என் கொட்டகையில பெஞ்சு ரெண்டு உடைஞ்சது அன்னிக்கு. அந்த அமெரிக்காக்காரனுக்கு லுட்டாயான்னு நம்ம ஊர்ப் பேரை வச்சவன் நீ. இங்க பிறக்கிற குழந்தைக்கெல்லாம் அந்தப் பேருதான் இப்போ.

— அது முதல் பாகம். இது ரெண்டாம் பாகம். எடுத்தவங்க மாத்திட்டாங்க, நான் என்ன பண்றது? அவன் வாயை அசைக்கிறான், நான் சொல்றேன். அழுதா அழறான்னு சொல்றேன். அதுல என் கை எதுவும் இல்லை.

— அப்படியா?

— அப்படித்தான்.

— சரி. ஒரு வாய் சாப்பிடு. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. கம்பாலாவுலேர்ந்து ஒருத்தன் வரேன்னு சொல்லி அனுப்பியிருக்கான், படத்துக்குக் குரல் குடுக்க. ரெண்டு காதுலயும் கடுக்கன். ரெண்டாம் பாகத்தை அவன் சிரிப்புப் படமாவே பேசித் தரேங்கிறான்.

— வரச் சொல்லுங்க.

— கோபமா?

— இல்லை. என் நாற்காலியில ஒரு கால் ஆடும். செங்கல் வைக்கணும், அவன்கிட்ட சொல்லிடுங்க. பதினேழு வருஷம் அந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். இனிமே சாயங்காலமானா எங்க போறதுன்னுதான் தெரியலை. இங்க சுவர்தான் நாலு இருக்கு. காலையில எழுந்து தேத்தண்ணி ரெண்டு கோப்பையில ஊத்திடறேன். அப்புறம் ரெண்டையும் நானே குடிக்கிறேன்.

— கக்வா.

— சொல்லுங்க.

— நேத்து கம்பாலாவுல அக்கா மகளைப் பொண்ணு கேட்டு வந்தாங்க. போயிருந்தேன். எல்லாம் முடிஞ்சப்புறம் அவ என்னை உட்கார வச்சு, கைபோன்ல அந்தப் படத்தைக் காட்டினா. முழுசா. உன் குரல் இல்லாம. ஒவ்வொரு பேச்சா எனக்கு அர்த்தம் சொன்னா.

— முழுசாவா?

— மூச்சு விடு தம்பி. அந்த மொட்டை மாடிக் காட்சி இருக்கே, லுட்டாயா காதுல போனை வச்சுக்கிட்டு பொண்டாட்டிகிட்ட மன்னிப்புக் கேப்பானே, கொட்டகையே கண்ணைத் துடைக்குமே, அந்த இடம். அங்க அவன் என்ன பேசறான் தெரியுமா?

— தெரியும்.

— சொல்லு.

— பொரிச்ச கோழி ரெண்டு பொட்டலம் கேக்கறான்.

— காரம் தூக்கலா.

— ஆமா. காரம் தூக்கலா.

— அவனுக்குப் பொண்டாட்டியே இல்லையாம்பா. ரெண்டு பாகத்துலயும். ரெண்டாம் பாகம் முதல் பாகத்தைவிடப் பெரிய கூத்து. அக்கா மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறா. நான் பக்கத்துல உட்கார்ந்து அழறேன். 'சித்தி, இது சிரிப்புப் படம்'ங்கிறா.

— சட்டைப்பையில அதிர்ந்துது, நலோங்கோ.

— என்ன அதிர்ந்துது?

— போன். முதல் பாகம் நாலாவது வாரம், மதியக் காட்சி. ஜன்னல்லகூட ஆள் தொங்கினாங்களே, அன்னிக்கு. வீட்டுலேர்ந்து நபோஸாதான் கூப்பிடறா. மாவு வாங்கிட்டு வரச் சொல்லத்தான் இருக்கும்னு நினைச்சேன். திரையில லுட்டாயா பூதத்துகிட்ட உதை வாங்கிக்கிட்டு இருக்கான். நான் மைக்குல சொன்னேன், 'ஐயையோ, வீட்டுக்காரி கூப்பிடறா! இந்த உதையைக்கூடத் தாங்கிக்குவேன், அந்தப் போனை எடுக்க மாட்டேன்!'

— அன்னிக்கு அந்தச் சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டுது.

— மறுபடி அதிர்ந்துது. மறுபடி சொன்னேன். மூணாவது தடவை ஜனமே முந்திக்கிச்சு, 'எடுக்காதே லுட்டாயா, எடுக்காதே!'ன்னு. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா அப்போ? படம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா, அடுப்புப் பக்கத்துல கிடக்கிறா. கையில போனு.

— தம்பி...

— அடக்கத்தன்னிக்கு என்னைப் பேசக் கூப்பிட்டாங்க. புருஷன் ரெண்டு வார்த்தை சொல்லணும்னு மைக்கைக் கையில குடுத்தாங்க.

— வாங்கித் திருப்பிக் குடுத்துட்ட. நான் பக்கத்துலதான் நின்னேன்.

— வரலை. பதினேழு வருஷமா வாய் ஓயாதவனுக்கு ஒரு சொல்லு வரலை. அப்புறம் இந்த ரெண்டாம் பாகம் வந்துது. முத நாள் சிரிப்பாத்தான் ஆரம்பிச்சேன், சத்தியமா. மாடியில அவன் போனை எடுத்துக் காதுல வச்சான் பாருங்க. அவன் எடுத்துட்டான், நலோங்கோ. அதைப் பார்த்ததும் என் வாய் தானாப் பேசிடுச்சு. மறுநாளும் அப்படியே. ஒன்பது நாளும். வீட்டுல கேக்க ஆள் இல்லை. இருட்டுல நூறு பேரு உட்கார்ந்து கேக்கறாங்க. சொல்லிட்டேன்.

— சாப்பாட்டைத் தள்ளி வை, அதுல அழாதே.

— ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கடுக்கன்காரன் வரட்டும், சிரிக்க வைக்கட்டும். நான் குறுக்க வரலை. ஆனா இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கக்வா இல்லாததைச் சொன்னான், ஒன்பது நாளா ஊரை ஏமாத்தினான்னு பேர் வந்துடுச்சுன்னா, அப்புறம் நான் இந்தத் தெருவுல நடக்க முடியாது. எனக்குன்னு மிஞ்சினது அந்த ஜனம் மட்டும்தான்.

— கடுக்கன்காரன் வரலை. வேண்டாம்னு நான்தான் சொல்லிட்டேன்.

— ஏன்?

— வியாழக்கிழமை காட்சிக்கு முன்னால எழுந்து ஜனத்தைக் கேட்டேன், இவனைக் கூட்டிட்டு வரட்டுமான்னு. ஒருத்தரும் கை தூக்கலை. முலிண்ட்வாகூடத் தூக்கலை.

— அவங்களுக்குத்தான் இந்தப் பாகம் பிடிக்கலையே! வாசல்ல நின்னு அப்படித் திட்டினாங்களே!

— மாடியில லுட்டாயா பொண்டாட்டியைக் கூப்பிடறப்போ நீ என்ன பேரு சொன்ன?

— பேரா? பேரு ஒண்ணும் சொல்லலையே.

— சொன்ன. ஒன்பது நாளும். 'நபோஸா, மூணு தடவை கூப்பிட்டியே'ன்னு சொன்ன. அவ கையால சப்பாத்தி வாங்கித் தின்னு வளர்ந்த ஊருப்பா இது, முத நாளே எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு. உன் முகத்தைப் பார்த்துக் கேக்க மனசு வராமத்தான் அந்த அமெரிக்காக்காரனைத் திட்டிக்கிட்டுத் திரியறாங்க; அன்னிக்கு 'எடுக்காதே'ன்னு கத்தினது அவங்கதானே.