பதிவேட்டில் இல்லாத இரண்டு விநாடி

எனக்குச் சின்ன எழுத்துகள் பிடிக்கும். மருந்துப் பெட்டியோ பயணச்சீட்டோ எது கைக்கு வந்தாலும், அடியில் எறும்பு ஊர்வதுபோல் அச்சாகியிருப்பதைத்தான் முதலில் படிப்பேன். நீங்கள் கையெழுத்துக்காக நீட்டிய இந்தத் தாளையும் அப்படித்தான் படித்தேன். ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது, பெரிய குறையில்லை.

என் தொழில் விளம்பர வாசகம் எழுதுவது. கடந்த பதினோரு ஆண்டுகளாக, கிராபிக்ஸ் கார்டு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் அதைச் செய்கிறேன். கணினித் திரையில் படம் தெரிய அந்தக் கார்டு வேண்டும். கார்டுக்கும் கணினிக்கும் நடுவில் தரகர் வேலை பார்க்க ஒரு மென்பொருள் வேண்டும், அதற்கு டிரைவர் என்று பெயர். தரகர் மயங்கி விழுந்தால் திரை இருண்டுபோகும். எங்கள் டிரைவர் அடிக்கடி மயங்கி விழும் என்று ஊரெல்லாம் பேச்சு. விற்பனை படுத்துவிட்டது. இந்த முறை அசையாத டிரைவர் என்று சொல்லியே தீரவேண்டும் என்றார் மேலாளர். அசையாதா என்று அவர் கேட்கவில்லை. சொல்ல முடியுமா என்றுதான் கேட்டார்.

சோதனைப் பிரிவில் ஒரு பெண் இருந்தாள். அவள் கையிலிருந்து எந்தக் குறையும் தப்பாது என்பதால் எல்லோரும் சல்லடை என்போம். அவளிடம் போய் எண்ணிக்கை கேட்டேன்.

"நாப்பது மணி நேரத்துக்கு ஒரு தடவை அணையுது சார். ரெண்டு செகண்ட் சுத்தமா கருப்பு. அப்புறம் வந்துடுது."

"தானா வந்துடுதா?"

"வந்துடுது."

"அப்ப நல்ல செய்திதானே?"

"அணையுறத எண்ணச் சொன்னீங்களா, வர்றத எண்ணச் சொன்னீங்களா?" என்றாள். வாய் கொஞ்சம் நீளம் அவளுக்கு.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவன் நானில்லை. பூசணிக்காய்க்கு வேறு பெயர் வைப்பேன், அவ்வளவுதான். கணினியை மறுபடி தொடங்கவேண்டி வந்தால் மட்டுமே அது முடக்கம் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டேன். மேலே, 'ஆயிரம் மணி நேரம். ஒருமுறைகூட முடங்கவில்லை' என்று போட்டேன். அந்த ஆயிரம் மணி நேரத்தில் திரை இருபத்தைந்து முறை இருண்டது உண்மை. முடங்கவில்லை என்பதும் உண்மை. என் வாசகத்தில் இன்றுவரை ஒரு பொய்யை எவரும் காட்டியதில்லை.

ஒரே ஒரு இடைஞ்சல் இருந்தது. அணைந்து எழும் ஒவ்வொரு முறையும் டிரைவர், வாங்கியவரின் கணினிப் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவைக்கும்: டிரைவர் நின்றது, மீண்டது. அந்த வரியைப் பார்த்துவிட்டுத்தான் ஆட்கள் தொலைபேசியில் கத்துவார்கள். நிரல் எழுதுகிறவரிடம் அந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன்.

"எடுத்துட்டா, நின்னது யாருக்குமே தெரியாதே சார்?" என்றார்.

"தெரிஞ்சு அவங்க என்ன பண்ணப் போறாங்க? படிச்சுட்டுப் பயந்துக்கிட்டுதான் கெடக்கறாங்க."

தலையைச் சொறிந்துகொண்டே எடுத்துவிட்டார். புதிய டிரைவர் வெளிவந்தது. புகார்கள் கால்வாசியாகக் குறைந்தன. மேலாளர் எல்லோர் முன்னும் என் முதுகில் தட்டினார்.

இனி அத்தானைப் பற்றி. அக்கா வீட்டுக்காரர் துறைமுகத்தில் பளுதூக்கி, அதாவது கிரேன், ஓட்டுபவர். பத்தொன்பது வருடம் உயரத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்து, குனிந்து பார்த்துச் சரக்குப் பெட்டிகளை இறக்கியவர். பிறகு ஓட்டுபவர்களையெல்லாம் கீழே ஓர் அறைக்கு மாற்றினார்கள். கேமரா காட்டுவதை மூன்று திரைகளில் பார்த்து, அங்கிருந்தே இறக்கவேண்டும். அவர் ஒருநாள் என்னைக் கேட்டார்.

"மாப்ள, உங்க கம்பெனி கார்டுதான் போடுறாங்களாம். நம்பலாமா?"

"கண்ண மூடிக்கிட்டு நம்புங்க அத்தான்."

வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? சொந்தக்காரருக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை.

கார்டு போட்ட ஏழாவது மாதம், காலை பத்தே காலுக்கு, பெட்டி இறங்கிக்கொண்டிருந்தபோது நடுத்திரை அணைந்தது. திரும்பி வந்தபோது பெட்டி தரையில் இருந்தது. கொக்கி கழற்றும் தொழிலாளி ஒருவர் அதன் அடியில் இருந்தார். முப்பத்தொரு வயது.

திரை கருப்பானது என்று அத்தான் விசாரணையில் சொன்னார். பதிவேட்டைப் பார்த்தார்கள். கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. எங்கள் நிறுவனத்திடம் கடிதம் கேட்டார்கள், எழுதும் வேலை என் மேசைக்கு வந்தது. 'அன்றைய பதிவேட்டில் எங்கள் மென்பொருள் நின்றதற்கான குறிப்பு எதுவும் இல்லை' என்று எழுதினேன். ஒரே வாக்கியம்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் சட்டைகூட மாற்றாமல் நாற்காலியில் இருந்தார்.

"கருப்பாச்சு மாப்ள. சத்தியமா கருப்பாச்சு. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

"நீ அந்தக் கம்பெனிக்காரன்தானே," என்றாள் அக்கா. "அப்படி ஆகுமா ஆகாதா? வாயத் தொறந்து சொல்லேன்டா."

"பதிவுல ஒண்ணும் இல்லக்கா."

அக்கா என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் முதல் தடவையாக ஒரு சந்தேகம் இருந்தது. அதற்குப் பிறகு நான் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. தினமும் போய்ப் பக்கத்தில் உட்காருவேன், முந்தின ராத்திரி சரியாகத் தூங்கினீர்களா என்று கேட்பேன். மகளுக்குக் காய்ச்சல், நடுவில் இரண்டு தடவை எழுந்தேன் என்றார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பேன். அறைக்குள் குளிர்ச்சி அதிகமா என்று கேட்பேன். நான்காம் நாள் அவரே சொன்னார்.

"நான்தான் கண்ணசந்துட்டேன் போல மாப்ள."

"மனுஷன்னா அசதி வரத்தான் செய்யும் அத்தான். விடுங்க."

மறுநாள் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேலை போனது, உரிமம் போனது, வழக்கு நடக்கிறது. அதற்குள் அவருக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது, செத்தவருடைய தாயாரைப் பார்க்கவேண்டும் என்று. நான்தான் காரில் அழைத்துப் போனேன். வாசலிலேயே விழுந்து அந்தம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு, "தூங்கிட்டேம்மா, நான் தூங்கிட்டேன்" என்று அழுதார். அந்தம்மா காலை உருவிக்கொண்டு கதவைச் சாத்தினார். திரும்பும் வழியில் என் கைக்குட்டையைத்தான் கொடுத்தேன்.

தூக்க வியாதி மருத்துவரிடம் அழைத்துப் போனவனும் நான்தான். வேளைக்கு ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார். அத்தான் இப்போது மகளைத் தூக்குவதில்லை, தெருவைத் தனியாகக் கடப்பதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி, "இப்ப நான் முழிச்சுத்தானே இருந்தேன்?" என்று அக்காவைக் கேட்கிறார். அவளும் சலிக்காமல் ஆமாம் என்கிறாள். அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருக்கும். சீக்கிரமே கிளம்பிவிடுவேன்.

சல்லடை தன் சோதனைக் குறிப்பேட்டை, வழக்கை விசாரிக்கும் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்ததில் எனக்கு அவள்மேல் கோபமில்லை. தேதியும் நேரமும் போட்டு அழகாக எழுதுவாள். அந்த வரியை எடுக்கச் சொன்னது யார் என்றும் எழுதியிருப்பாள்.

ஆகவே உங்கள் தாளில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். அன்று திரை அணைந்தது. அணையும் என்று எனக்கு முன்பே தெரியும். அணைந்தால் தடயம் இருக்காதபடி செய்தவன் நான். அத்தான் விழித்துக்கொண்டுதான் இருந்தார், அதுவும் அவர் சத்தியம் செய்த அந்த முதல் சாயங்காலமே எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதையெல்லாம் அவரிடம் என் பெயரைச் சொல்லாமல் சொல்ல வழியிருக்கிறதா என்று பாருங்கள். பாவம், தன் கண்ணையே நம்பாத மனிதர், என் ஒருவனைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார். அதையும் அவரிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.