எலுமிச்சம்பழத்தை ஆட்டிவைத்த பேஸ்

அவையை அடக்கி ஆளும் தலைவர் அண்ணன் ஆனந்தராஜ் அவர்களே! ஒயர் இழுத்தே ஊர்களை இணைத்த ஒலி ஒளி அமைப்பாளர் சங்கத்துச் சகோதரர்களே! அனுபவத்தில் பழுத்த பெரியவர்களே! பிள்ளைகளின் காதைப் பொத்திக்கொண்டு முன்வரிசையில் வீற்றிருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருக்கும் என் தம்பி, ஸ்பீக்கர் காயில் சுற்றும் கலைஞன் முகமது ரபீக்கே! கீரமங்கலத்தில் பேஸ் ஸ்பீக்கர் பெட்டி செய்யும் சோலையப்பனின் வணக்கம்!

ஆவூர்த் திருவிழாவில் அடிவயிறு வரை இறங்கிய பேஸுக்காக எனக்கு இந்தப் பொன்னாடை. அந்த பேஸ் எங்கிருந்து வந்தது? சத்தம் போடுவதா பெரிது? சத்தம் யார்தான் போட மாட்டார்கள்?

(அங்கே யாரப்பா, "ஒங்க வீட்டுல யாருண்ணே போடுவாங்க"ன்னு கேக்குறது? எம்பொண்டாட்டி ராஜலட்சுமி முன்வரிசையில்தான் இருக்கு, பாத்துப் பேசு!)

ஆழமான பேஸ் என்றால் காற்றை அள்ளித் தள்ள வேண்டும். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பான கோன் முன்னே ஒரு விரற்கடை, பின்னே ஒரு விரற்கடை போய்வர வேண்டும். போகிற தூரமெல்லாம், கோனை அசைக்கும் கம்பிச் சுருளான காயில் காந்தத்தின் பிடியிலேயே இருக்க வேண்டும். பிடி நழுவினால் பிசிறு! காற்று போய்வரும் குழாயின் வாய் பூசணிப்பூவாக விரிய வேண்டும். விரியாவிட்டால் சீறல்! பெட்டியோ வாயே திறக்கக் கூடாது. பாட வேண்டியது கோன். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டியது பெட்டி. அதற்காகத்தான் கனத்த பிளைவுட் போட்டேன், உள்ளே குறுக்குச் சட்டம் அடித்தேன்.

அப்படிச் செய்த பெட்டியைச் சந்தையில் வைத்து, ஊரே பார்க்கப் பாட்டை ஓட்டினோம். முதல் அடியிலேயே கடகட! எனக்கு மானம் போனது. உடனே ஊரறியச் சொன்னேன்: "எம்பெட்டில கொறையே இருக்காது. ரபீக்கு சுத்துன காயில்தான் கோளாறு!"

தம்பி ஸ்பீக்கரை மட்டும் கழற்றி எடுத்துப்போனான். மூன்று முறை பிரித்துச் சுற்றினான். மூன்று முறையும் கடகட! பொன்னமராவதிக்காரர்கள் அவனுக்குக் கொடுத்த வேலையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

வேறு வழியின்றி அதே பெட்டியை ஆவூருக்கு ஏற்றினோம். வேகத்தடையில் வண்டி குதித்தது. உள்ளே கடகட! ஓட்டுநர் வீரய்யா திரும்பிப் பார்த்தார். "அண்ணே, கரண்டே இல்லாம பாடுற பெட்டிய இப்பத்தாண்ணே பாக்குறேன்!"

இறங்கித் திறந்தேன். குறுக்குச் சட்டத்துக்குப் பின்னாலிருந்து உருண்டு வந்தது ஓர் எலுமிச்சம்பழம்! காய்ந்து கொட்டைப்பாக்காக இறுகியிருந்தது. போட்டது யார்? நான்! கடைசிப் பலகையை மூடும்முன் கண்ணேறு கழிய ஒரு பழம் உள்ளே போடுவது என் வழக்கம்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! ஆனால் வெட்கக்கேட்டை இனிமேல்தான் சொல்லப் போகிறேன். பழத்தை வயக்காட்டில் எறிந்தேன். வீரய்யா வாயை ஒரு டீயால் அடைத்தேன். திருவிழா அமர்க்களப்பட்டது. "காயில சரி பண்ணினோம், சரியாயிருச்சு" என்று ஊரெல்லாம் சொன்னேன். பழி தம்பிமேல், பொன்னாடை என்மேல்!

இருபது வருடமாக எல்லாப் பெட்டியிலும் பழம் போட்டிருக்கிறேன் ஐயா! ஒரு பழமாவது அசைந்ததா? அசைக்க அந்தப் பெட்டிகளில் பேஸ் இருந்ததா? அசைத்தது எது? என் பலகையா? என் பசையா? ரபீக் முதல் தடவை சுற்றிய அதே காயில்! குறை என்று நான் கூவினேனே, அந்தக் கடகடதான் அவன் திறமைக்குச் சாட்சி!

தம்பி ரபீக்கு, எந்திரி. ஊரறியப் பழி சொன்னேன், ஊரறிய மன்னிப்புக் கேக்குறேன். மேடைக்கு வா. இந்தப் பொன்னாடை ஒன்னோடது.

என்னப்பா சொல்றே? சத்தமாச் சொல்லு! "அடுத்த பெட்டிக்கும் ஒரு பழம் போடுங்கண்ணே, காயில டெஸ்ட் பண்ண வசதியா இருக்கும்"ங்கிறியா? போடுறேன்யா, போடுறேன்! ஆனா நீ நின்னு பாக்க, ஒங்கையாலயே எடுக்கவச்சுட்டுத்தான் இனி பலகைய மூடுவேன்.

பொறுத்துக் கேட்ட பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் நன்றி. கைதட்டல் மட்டும் எனக்கு வேண்டாம், அந்தா படியேறி வாரான் பாருங்க, அவனுக்குத் தட்டுங்கள். வணக்கம்!