மார்ச்சில் தோண்டிய அத்தி

— நிறுத்து கொசிமோ. மரம் இன்னும் தூங்குது.

— செராஃபினா அண்ணி... நீங்க கோயிலுக்குப் போயிருக்கீங்கன்னு நினைச்சேன்.

— பாதி வழியில திரும்பிட்டேன். மண்வெட்டியோட என் கொல்லையில என்ன பண்ற?

— கேளுங்க அண்ணி. அஞ்சு நாளா வெயில் அடிக்குது. மண்ணுக்குள்ள அத்தி புழுங்கிப் போயிடும். பஸ்குவாலே அண்ணன் இத்தாலியில இருக்காரு, வீட்டுல ஆம்பளை இல்ல. தம்பி நானாவது தோண்டி நிமித்தி வைக்கலாமேன்னு வந்தேன்.

— மார்ச் இருபதாம் தேதியா?

— வெயில் வந்தா வந்ததுதானே அண்ணி.

— இருபது வருஷமா கனடாவுல, இந்த ஹாமில்டன்ல குப்பை கொட்டுற. இந்த ஊரு மார்ச்சுல பல்லக் காட்டும், ஏப்ரல்ல அதே பல்லால கடிக்கும். போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின நாள் முழங்கால் வரைக்கும் பனி. மே இருபத்துநாலுக்கு முன்னால தக்காளி நாத்தைக்கூட எவளும் ஜன்னலை விட்டு வெளிய எடுக்கமாட்டா. நம்ம தெருவுல மட்டும் நாப்பது அத்தி புதைஞ்சு கிடக்கு. ஒண்ணையாவது ஒருத்தன் தொட்டிருக்கானா?

— அவனவன் மரம், அவனவன் இஷ்டம்.

— இது எங்க மரம். நவம்பர்ல நானும் உங்க அண்ணனும் ஒரு பக்கத்து வேரை வெட்டி, மெல்லச் சாய்ச்சு, பள்ளத்துல படுக்கவச்சு, சருகு கொட்டி, பழைய கம்பளம் போர்த்தி, பலகை வச்சு மேடா மூடினது. ஈஸ்டர் கழிஞ்ச ஞாயித்துக்கிழமை தெரு ஆம்பளைங்க பத்து பேரு வந்து தூக்கி நிறுத்துவாங்க. வருஷா வருஷம் நடக்கிறதுதான். நீ செப்டம்பர்ல பழம் தின்ன மட்டும்தான் வருவ. இந்த வருஷம் என்ன திடீர்னு பாசம்?

— கேளுங்க அண்ணி, அந்தப் பத்து பேரு எதுக்கு? நான் ஒருத்தனே போதும். நீங்க உள்ள போய் காப்பி போடுங்க.

— போகமாட்டேன்.

— உள்ள போங்கன்னு சொல்றேன்ல.

— இதோ, மேட்டு மேலயே ஏறி நின்னுட்டேன். என் காலை வெட்டிட்டு அப்புறம் தோண்டு.

— எனக்குக் கோவம் வந்தா என்ன ஆகும்னு தெரியும்ல உங்களுக்கு?

— தெரியாம என்ன? அஸ்ஸுந்தா மூஞ்சியில பார்த்திருக்கேனே. கண்ணு வீங்கி, முன்பல்லு ரெண்டு போயி... அது பெண்டாட்டியா, நீ குத்திப் பழகுற மணல் மூட்டையா? அவ தப்பிச்சுப் போனதே புண்ணியம்.

— அவ பேச்சை எடுக்காத.

— பாரு, அண்ணிக்கு இருந்த மரியாதையும் போயிடுச்சு.

— எறங்குடி கீழ.

— முடியை விடு. விடு கொசிமோ.

— கத்துன, கழுத்துல இறக்கிடுவேன். காலையிலதான் அரம் போட்டுத் தீட்டினேன். கட்டை விரல் மொத்த வேரு ஒரே வெட்டுல போகும். உன் கழுத்து எந்த மூலைக்கு?

— கத்தல. நிதானமாத்தான் பேசுறேன். ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லு, இறங்கிடுறேன். டிசம்பர் எட்டாம் தேதி, மாதா திருநாள் அன்னைக்கு, எங்க இருந்த?

— ஆலையில. உலை முன்னால.

— அந்த வாரம்தான் நம்ம தெரு துரி தாத்தா செத்தாரு, ஞாபகம் இருக்கா? கல்லறைத் தோட்டத்துல மண்ணு இரும்பா இறுகிக் கிடந்துச்சு. கடப்பாரை போட்டா பொறி பறக்குது. வேற வழியில்லாம, வசந்தத்துல புதைச்சுக்கலாம்னு பெட்டியை ஓரமா ஒரு அறையில வச்சுப் பூட்டிட்டாங்க. இன்னும் அங்கதான் காத்துக்கிட்டிருக்காரு மனுஷன். இந்த ஊர்ல டிசம்பர்ல ஒருத்தனைக் கொன்னா, மறைக்க இடம் கிடையாது. ஒரே ஒரு இடத்தைத் தவிர.

— என்ன உளர்ற?

— சருகும் கம்பளமும் போட்டு மூடின இடம். பலகையைத் தூக்கினா, அடியில மண்ணு மாவு மாதிரி இருக்கும். இங்கிலீஷ்காரனுக்கு அது தெரியாது. அத்தியைப் புதைக்கிற நம்ம ஆளுக்குத்தான் தெரியும்.

— நீதானடி ஊரெல்லாம் சொன்ன, எங்கம்மாவுக்கு உடம்பு சரியில்ல, பஸ்குவாலே இத்தாலிக்குப் போயிட்டான்னு?

— சொன்னேன். அவங்க உனக்கும் அம்மாதானே? அம்மாவுக்கு எப்படி இருக்கு, அண்ணன் போய்ச் சேர்ந்தானான்னு ஒரு கடுதாசி போட்டியா? மூணு மாசத்துல ஒரு தடவை வாய் திறந்து கேட்டியா?

— அவன் வேற எவ கூடவோ ஓடிட்டான், நீ வெக்கத்துல மறைக்கிறேன்னு விட்டுட்டேன்.

— நல்ல தம்பி.

— கையை எடு மண்வெட்டியிலேர்ந்து. எடுடி.

— மாட்டேன். விரலை மடக்காத, உடைஞ்சிடும்... ஐயோ, மாதாவே... உடைச்சிட்டியே பாவி.

— இன்னும் ஒம்பது இருக்கு. எண்ணிக்கிட்டே உடைக்கட்டுமா?

— வேண்டாம். வலியில நாக்கைக் கடிச்சு வாயெல்லாம் ரத்தமா இருக்கு, துப்பிக்கிறேன். இறங்கிடுறேன். தோண்டி எடுத்துட்டுப் போ. ஆனா நீ ஏன் அவரை அடிச்சன்னு மட்டும் சொல்லிட்டுப் போ. அது தெரியாம எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது.

— சொன்னா என்ன, நீ யாருகிட்டப் போய்ச் சொல்லப்போற? கேளு. நவம்பர்ல, புது ஒயின் திறந்த அன்னைக்கு, என்கூட உலையில நிக்கிறவன் அத்தனை பேரு முன்னாலயும் என் கன்னத்துல அறைஞ்சான். என் பெண்டாட்டியை நான் அடிச்சா அவனுக்கு என்ன? அவளை பஸ் ஏத்தி விட்டதும் அவன்தான். ஒரு மாசம் ஆலையில ஒவ்வொருத்தனும் என்னைப் பார்த்தா கன்னத்தைத் தடவிக்கிட்டுச் சிரிச்சான். மாதா திருநாள் அன்னைக்கு, நீ பூசைக்குப் போன நேரத்துல வந்தேன். முதுகைக் காட்டிக்கிட்டுப் பனி தள்ளிக்கிட்டிருந்தான். ரெண்டே அடி. ரெண்டாவது அடியில மண்டை தேங்கா மாதிரி சத்தம் குடுத்துச்சு. பலகையைத் தூக்கிக் கம்பளத்துக்கு அடியில தள்ளினேன். போதுமா?

— போதும்.

— பத்து பேரு வந்து தூக்குறதுக்குள்ள அவனை ஏரியில போட்டாகணும். அப்புறம் இந்தப் பள்ளம் காலியாத்தான் இருக்கும். நீ படுத்துக்கலாம்.

— இறங்கிட்டேன். தோண்டு.

— அங்கயே நில்லு. ஓடினா துரத்தி வந்து வெட்டுவேன்.

— ஓட மாட்டேன். வேரைப் பார்த்து வெட்டு, கொசிமோ. மரம் உனக்கு என்ன பண்ணுச்சு?

— வாயை மூடு. பலகை... கம்பளம்... சருகு... எங்க?

— கிளை முறிஞ்சிடப் போகுது. பாரு, மொட்டு பச்சையா இருக்கு.

— அவன் எங்கடி? தலையை இந்தப் பக்கம் வச்சுத்தானே தள்ளினேன்?

— நிதானமாக் கேளு. பூசை முடிஞ்சு வந்து பார்த்தேன். அதுக்குள்ள ஒரு முழம் பனி கொட்டி, உன் காலடித் தடம் பூரா மூடிப்போச்சு. அதனாலதான் யாருன்னே தெரியல. வேலித் தகராறு பண்ற தொம்மாசோவா, ஆலையில சண்டை போட்ட ரெனாத்தோவா, நீயா? இன்னைக்குக் கோயிலுக்குப் போறேன், சாயங்காலம்தான் வருவேன்னு மூணு பேருகிட்டயும் சொன்னேன். ஒருத்தன்தான் மண்வெட்டியோட வந்தான்.

— அவன் எங்கன்னு கேட்டேன்.

— மேடு பூரா வெள்ளையாப் பனி. ஒரு இடத்துல மட்டும் கைமுஷ்டி அளவு ஓட்டை. ஓரமெல்லாம் உருகி, உள்ளேர்ந்து ஆவி வந்துச்சு.

— சருகு மக்குனா சூடு வரும். எந்த மேட்டுலயும் ஆவி வரத்தான் செய்யும்.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா சருகு ஆவி சீரா வரும். இது விட்டு விட்டு வந்துச்சு.

— பொய். கழுத்துல கை வச்சுப் பார்த்துட்டுத்தான் மூடினேன். செத்தவன் மூச்சு விடமாட்டான்.

— செத்தவன் விடமாட்டான்தான், தம்பி. திரும்பாத. நீ என் மண்டையில அடிச்ச நாள்லேர்ந்து எனக்கு வலது கை நடுங்கிக்கிட்டே இருக்கு, இந்தத் துப்பாக்கி எப்ப வெடிக்கும்னு எனக்கே தெரியாது.