பனி போடப் போன லாரி

— தோள் கழண்டு விழுற மாதிரி இருக்கு மாப்ள. கொஞ்சம் அமுக்கி விடு.

— எந்தத் தோள் மாமா?

— எந்தத் தோளா? வலது தோள்தான்டா. உன்னத் தூக்குன தோள். கொஞ்சம் குளிரடிச்சா போதும், உடனே ஞாபகப்படுத்திரும்.

— அதுக்கு முந்தி நீங்க ஞாபகப்படுத்திருவீங்க.

— என்ன முணுமுணுக்கிற?

— ஒண்ணுமில்ல. உங்க பக்கம் பாறை, என் பக்கம் பனி, லாரியோட ரெண்டு கதவும் திறக்க மாட்டேங்குதுன்னு சொன்னேன்.

— ஓங்கி உதைடா.

— உதைச்சு உதைச்சுக் குதிகால் வீங்கிப்போச்சு. இது நம்ம போடுற பனி இல்ல மாமா. நம்ம பனி கால் வச்சா தண்ணி. இது கதவுல பாதி ஏறிருச்சு.

— என்னடா கொடுமை இது! எத்தன வருஷமா அந்த லாட்ஜ்காரனுக்கு ஐஸ் ஏத்துறோம்? ஒரு நாள், ஒரே ஒரு நாள், நிஜப் பனி விழுந்திருக்கா? இந்த நாட்டுல பனி எங்க கிடைக்கும்னு தேடித் தேடி இங்க வர்றானுங்க. மீனுக்குப் போடுற ஐஸ அரைச்சுத் தூவி வைக்கிறோம், அதுமேல படுத்துப் புரண்டு போட்டோ எடுத்துட்டுப் போறானுங்க.

— போன தடவ ஒரு அம்மா, பனிக்குள்ள இறால் தலை கிடக்குதேன்னு கேட்டாங்களே.

— நான் என்ன சொன்னேன்? மேகம் கடல்ல இருந்துதானம்மா வருதுன்னேன். ஆமால்லன்னு தலையாட்டிட்டுப் போச்சு!

— சிரிக்காதீங்க மாமா. மேல கொக்கியண்ணன் நிக்கிறாரு.

— யாரு, நம்ம ஐஸ் கம்பெனியில கொக்கி போட்டுக் கட்டி இழுக்குறவனா? அவன் எதுக்கு மேல போனான்?

— இன்னைக்கு லோட மேல மைதானத்துல தூவுற வேலை அவருக்குத்தான். விடிஞ்சதும் வேன்ல கொண்டுபோய் இறக்கி விட்டுட்டாங்க. கையில ஒரு மண்வெட்டி, மேல ஒரு சட்டை. அந்த மொட்டை மைதானத்துல ஒதுங்க ஒரு தகரக் கூரை கூட கிடையாது.

— லாட்ஜுக்கு நடந்திருப்பான்.

— லாட்ஜ் நமக்குக் கீழ இருக்கு. இறங்கியிருந்தா நம்மளத் தாண்டித்தான் போயிருக்கணும். யாராவது போனத பாத்தீங்களா?

— சரி, இருக்கட்டும். நான் சொல்றதக் கேளு. நீ ஜன்னல் வழியா ஏறிக் குதி. கீழ செக்போஸ்ட்டுக்குப் போ. லாரி பள்ளத்துல இறங்கிருச்சு, ஆள் மாட்டியிருக்குன்னு சொல்லி மண்ணள்ளுற மிஷின கூட்டிட்டு வா.

— மேல போறேன் மாமா.

— என்னது?

— மைதானம் இன்னும் ரெண்டு வளைவுதான். அவர இங்க கூட்டிட்டு வந்துர்றேன். மூணு பேரும் உள்ள உக்காந்துக்கலாம். என்ஜின ஓட விடுங்க, டீசல் இருக்கு. அந்தக் கம்பளியக் குடுங்க.

— கம்பளியா? இருக்குறதே ஒண்ணுடா!

— அதான் கேக்குறேன். ரெண்டு எட்டு வச்சா இருமுறவரு. நெஞ்சு போன ஆளு இந்தக் குளிர்ல எவ்வளவு நேரம் தாங்குவாரு?

— அந்த இருமல்காரனுக்காக நீ போய்ச் சாகணுமா? உங்க அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?

— எதாவது சொல்லுவீங்க. உங்களுக்கா சொல்லத் தெரியாது?

— வாய் நீளுதே உனக்கு! டேய், கம்பெனியில அமோனியா காஸ் பைப்பு வெடிச்ச அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு மறந்துட்டியா? அத்தன பேரும் வெளிக் கேட்டப் பாத்து ஓடுனானுங்க. கண்ணத் தொறக்க முடியல, மூச்சு விட முடியல, அப்படி ஒரு நெடி. நீ அரவை மிஷினுக்குப் பின்னால சுருண்டு கிடந்த. ஒருத்தன், ஒரே ஒருத்தன்தான் உள்ள வந்தான். தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தான். சும்மாவா?

— சும்மா இல்ல மாமா. நல்லாவே வசூல் பண்ணிட்டீங்க.

— என்னடா பேச்சு இது?

— வெல்டிங் பட்டறையில கூப்பிட்டாங்க. உன்னத் தூக்குனவன விட்டுட்டுப் போறியான்னு கேட்டீங்க. போகல. ஒரு நல்ல பொண்ணு அமைஞ்சுது. அவங்க ஊர்ல வந்து இருக்கணும்னு சொன்னாங்க. அப்பவும் தோளப் புடிச்சுக்கிட்டுப் படுத்துட்டீங்க. அதையும் விட்டேன். இந்த லாரி இன்னைக்குத்தான் மாட்டியிருக்கு. நான் மாட்டி ரொம்ப நாளாச்சு.

— உன் நல்லதுக்குத்தான்டா எல்லாம்.

— சரி மாமா. கம்பளி.

— தர மாட்டேன்.

— அப்ப சாக்காவது குடுங்க. கால்ல சுத்திக்கிறேன்.

— மாப்ள... டேய்... நில்லுடா. ஜன்னலத் தொறக்காத, குளிரு உள்ள வருது. இங்க பாரு. அவன் இந்நேரம் என்ன ஆனானோ. போறது போகட்டும். நாம ரெண்டு பேராவது இருப்போம்.

— இருமல் சத்தம் கேக்குதான்னு காது குடுத்துப் பாக்குறேன். ஒண்ணும் கேக்கல.

— அதான் சொல்றேன்!

— அதான் போறேன்.

— என்னத் தனியா விட்டுட்டுப் போகாதடா. உங்கிட்ட சொல்றதுக்கென்ன, எனக்குப் பயமா இருக்கு. நெஞ்சு படபடங்குது பாரு, கைய வச்சுப் பாரு.

— தெரியும் மாமா. பயப்படுறதுல தப்பே இல்ல. என்ஜின மட்டும் அணைச்சுராதீங்க, ஜன்னல் ஒரு விரல்கடை திறந்திருக்கட்டும். எக்காரணம் கொண்டும் தூங்கிராதீங்க.

— அப்ப நான் பண்ணுனதுக்கெல்லாம் மதிப்பே இல்லையா? உசுரக் குடுத்துக் காப்பாத்துனவன் இங்க நடுங்கிட்டு உக்காந்திருக்கேன். எவனோ ஒருத்தனத் தேடி மேல ஏறுறியே!

— எவனோ ஒருத்தன் இல்ல.

— பின்ன? அவனுக்கு நீ என்னடா கடன்பட்டிருக்க?

— அந்தக் காஸுக்குள்ள போய் வந்தவன் நெஞ்சு என்ன கதியாகும்னு யோசிச்சிருக்கீங்களா மாமா? உங்களுக்கு இன்னைய வரைக்கும் ஒரு செருமல் உண்டா?

— அது... என் உடம்பு வாகு அப்படி.

— அதையெல்லாம் விட்ட பின்னாடிதான் அக்கா எல்லாத்தையும் சொன்னா. உங்க மானம் போகக் கூடாதுன்னுதான் நானும் வாயத் தொறக்கல, அவரும் தொறக்கல. அன்னைக்கு நீங்க கேட்டுக்கு வெளிய நின்னீங்க. உள்ள வந்து என்னத் தூக்குனது கொக்கியண்ணன். ஒரு உசுரு நான் அவருக்குத்தான் பாக்கி, உங்களுக்கு இல்ல.