ஒரு கோட்டு போதும்

இன்னாசி: …சொம்மா சொல்லக் கூடாது டாக்டரம்மா, கரி இன்னாமா மின்னுது பாருங்க! மூஞ்சி பாத்து தலை சீவலாம்.

ஐரீன்: அதான் இன்னாசி எனக்குக் கவலை. அது மின்னக் கூடாது.

இன்னாசி: இது இன்னா கூத்து? பெயிண்ட் அடிச்சா மின்னாம…

ஐரீன்: பெயிண்ட் இல்ல, கொலோடியன். காயத்துல தடவினா தோல் மாதிரி காயுமே, அந்தத் தண்ணி. குணசேகரன், ஆட்டு ரத்தத்த இந்தக் கரி வழியா ஓட்டிப் பாத்தீங்களா?

குணசேகரன்: காலையிலயே ஆச்சு மேடம். புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில வெட்டுன கையோட, உறையாத மருந்து ஊத்துன கேன்ல புடிச்சி, பஸ்ல மடியில வெச்சிக்கினு வந்தேன். கண்டக்டர் இன்னா அதுன்னாரு. ஆஸ்பத்திரி டானிக்குன்னேன்.

இன்னாசி: நம்பிட்டானா?

குணசேகரன்: அர டம்ளர் கேட்டாரு.

ஐரீன்: போதும். கரியில ரத்தம் உறைஞ்சுதா?

குணசேகரன்: ஒரு பொட்டு உறையல மேடம். கரித்தூளும் கலக்கல. உள்ள போன மாதிரியே வெளிய வந்துச்சி.

இன்னாசி: அப்டிப் போடு! போன மாசம் வெறுங்கரியில ஓட்டுனீங்களே, அந்த நாயி…

குணசேகரன்: அந்தப் பேச்ச எடுக்காதண்ணே.

ஐரீன்: போன மாதிரியே வந்துச்சுன்னா எப்படி? நாம கலந்துவிட்ட கழிவு எவ்வளவு?

குணசேகரன்: உள்ள போறப்ப பன்னெண்டு.

ஐரீன்: வெளிய?

குணசேகரன்: …பதினொண்ணே முக்கால்.

இன்னாசி: கொறஞ்சிக்கீதுல்ல?

ஐரீன்: இன்னாசி, இப்படி உக்காருங்க. உங்க பிலோமிக்கு ரெண்டு கிட்னியும் நின்னுபோச்சு. ரத்தத்துல சேர்ற கழிவ எடுத்துப்போட ஆள் இல்ல. நாளைக்குப் பத்து மணிக்கு அவங்க ரத்தத்த இந்தக் கரி வழியா விடப்போறோம். கரி கழிவ உறிஞ்சணும். பன்னெண்டு ஆறாகணும். பதினொண்ணே முக்கால் ஆனா, நாம ரத்தத்துக்கு ஊர் சுத்திக் காட்டினோம்னு அர்த்தம்.

இன்னாசி: அப்ப நாளைக்கழிச்சி வெச்சிக்கலாமே?

ஐரீன்: ரத்தத்த ஓட்டற பம்பு இரவல். இதய ஆபரேஷன்காரங்க நாளைக்கு ஒரு நாள்தான் தந்திருக்காங்க. அடுத்தது அடுத்த மாசம்.

இன்னாசி: அடுத்த மாசம்னா…

ஐரீன்: அதுவரைக்கும் அவங்க தாங்க மாட்டாங்க.

இன்னாசி: …காலைல என்னப் பாத்து "யாரு நீ?"ன்றா டாக்டரம்மா. கட்டிக்கினு பதினாறு வருசம். "உம் புருசன்டி"ன்னேன். "சேச்சே"ன்னுட்டா.

குணசேகரன்: கழிவு தலைக்கு ஏறிக்கீதுண்ணே. அதான்.

இன்னாசி: முன்னியும் சொல்லுவா நைனா. ஆனா அப்பல்லாம் ஆள் தெரிஞ்சி சொன்னா.

ஐரீன்: தராச எடுங்க குணசேகரன். நூறு கிராம் கரிக்கு ஒரு கோட்டுன்னா நாலு கிராம் ஏறும். சனிக்கிழமை பூசறதுக்கு முன்னாடி அந்தத் தட்டுல இருந்தது சரியா நூறு. இப்ப எவ்வளவு?

குணசேகரன்: இப்ப… நூத்திப் பதினாறு மேடம்.

ஐரீன்: பதினாறா? சரியாப் பாருங்க.

குணசேகரன்: முள்ளு நட்டுக்கினு நிக்குது மேடம்.

ஐரீன்: இன்னாசி…

இன்னாசி: ம்.

ஐரீன்: கை நடுங்காத ஆளுன்னுதானே உங்களப் பூசச் சொன்னேன். எத்தினி கோட்டு சொன்னேன்?

இன்னாசி: ஒண்ணு.

ஐரீன்: எத்தினி போட்டீங்க?

இன்னாசி: நான் ஹார்பர்ல கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன்மா. ஒரு கோட்டு அடிச்சிட்டு எறங்குனா மேஸ்திரி ஏணிய உருவிடுவான். எவனோ கிரேக்கத்துக்காரன் கப்பலுக்கே ரெண்டு அடிக்கிறேன். எம் பொண்டாட்டிக்கு ஒண்ணுதானா?

ஐரீன்: கரி நேரா ரத்தத்த தொட்டா ரத்த அணு உடையும், ரத்தம் உறையும். அதுக்குத்தான் பூச்சு. ஆனா கழிவு மட்டும் பூச்சுக்குள்ள நுழைஞ்சு கரிக்குப் போகணும். கொசுவலை மாதிரி. காத்து வரணும், கொசு வரக் கூடாது. நீங்க தார்ப்பாயக் கட்டி வெச்சிருக்கீங்க.

இன்னாசி: தார்ப்பாய்ல கொசுவே வராதும்மா.

ஐரீன்: காத்தும் வராது.

இன்னாசி: …அப்ப நானே அவள…

குணசேகரன்: அண்ணே, அப்டிலாம் பேசாத. மேடம், ரெண்டு கோட்டுன்னா எட்டுதானே ஏறணும்?

இன்னாசி: ரெண்டுதான் போட்டேன். அந்தோணியார் மேல சத்தியம்!

ஐரீன்: பதினாறுன்னா நாலு கோட்டு. குணசேகரன், அவர் போன பிறகு லேபப் பூட்டினது யாரு?

குணசேகரன்: …ஒண்ணு நான் மேடம்.

இன்னாசி: அடப்பாவி! சனிக்கிழமை எனக்கு லெச்சர் அடிச்சியேடா? "மேடம் சொன்னா சொன்னதுதாண்ணே, மீறக் கூடாது"ன்னு?

குணசேகரன்: அந்த நாய்க்குப் பேர் வெச்சவன் நான். எம் மடியிலதான் போச்சு. பூட்டிட்டு கேட் வரைக்கும் போனேன். திரும்பி வந்துட்டேன். பிலோமி அக்கா வார்டுல சேந்த அன்னிக்கு, "எந்திரிச்சி வந்ததும் ஒனக்கு வஞ்சிரம் தலை போட்டு கொழம்பு வெக்கறேன் தம்பி"ன்னாங்க.

இன்னாசி: தலையா? எனக்கு வாலுதான்டா போடுவா.

ஐரீன்: பத்து வருஷமா நீங்க இந்த லேப்ல அட்டெண்டர். அளவுன்னா அளவு. பயமா இருக்கு, பாசமா இருக்குன்னு அளவ மாத்தறவங்களுக்கு இங்க வேலையே இல்ல.

குணசேகரன்: தப்புதான் மேடம்.

இன்னாசி: திட்டுறத அப்பால வெச்சிக்குங்கம்மா. வெறுங்கரி மீதி கீதா?

குணசேகரன்: கழுவிக் காயவெச்சது அர கிலோ கீது. மணி இப்ப ரெண்டு. சாயங்காலத்துக்குள்ள பூசிட்டு, ரூமப் பூட்டிட்டா காலைல பதமா காஞ்சிரும்.

இன்னாசி: ஒண்ணு போதுமா டாக்டரம்மா? நெசமாவே?

ஐரீன்: போதும். வெளிநாட்டுல மனுஷங்களுக்கே ஓட்டிப் பாத்து எழுதியிருக்காங்க.

இன்னாசி: ஒங்களுக்கு பயமே இல்லியா?

ஐரீன்: அளவுல எனக்குச் சந்தேகம் கிடையாது.

குணசேகரன்: மேடம்… கணக்கு ஒதைக்குதே.

ஐரீன்: அத விடுங்க. தட்டக் கழுவுங்க.

குணசேகரன்: இல்ல மேடம், அண்ணன் ரெண்டு, நான் ஒண்ணு. மூணு. பன்னெண்டு கிராம்தானே ஆச்சு?

இன்னாசி: மீதி நாலு எங்கேந்து வந்துச்சி? நீ ரெண்டாப் போட்டியா?

குணசேகரன்: எங்கம்மா சத்தியமா ஒண்ணு. பூட்டும் ஒடையல. சாவியே ரெண்டுதான். ஒண்ணு எம் இடுப்புல கீது.

இன்னாசி: இன்னொண்ணு?

குணசேகரன்: தட்டக் கழுவணும்ணே.

இன்னாசி: இன்னா நைனா, வாயில இன்னா வெச்சிக்கீற? இன்னொரு சாவி யார்கிட்ட?

குணசேகரன்: மேடம்…?

ஐரீன்: …ஞாயித்துக்கிழமை. சர்ச்சுல பூசை முடிஞ்சு வீட்டுக்குப் போற வழியில. மெலிசாத்தான் போட்டதா நினைச்சேன்… இன்னாசி, இந்தத் தடவ பூசறப்ப மூணு பேருமே நிக்கலாம். ஒரு கோட்டு ஆனதும் பூட்டிட்டு, ரெண்டு சாவியையும் கொண்டுபோய் பிலோமி தலகாணிக்கு அடியில வெச்சிடுங்க.